வீட்டு இருட்டறை: ஒளிப்பட அச்சாக்கத்தின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

‘கமரா’ என இன்று வழங்கும் சொல் இலத்தீன் மொழியில் அறை என்னும் பொருளுடையது. ‘கமரா ஒப்ஸ்கியூரா’ என்னும் தொடருக்கு ‘இருண்ட அறை’ என்பதே நேர்ப்பொருளாகும். சிறு துளையொன்றின் வழியே புகும் ஒளி இருண்ட அறையின் எதிர்ச்சுவரிலே புறவுலகைத் தலைகீழாகத் தீட்டும் என்னும் உண்மை, அரபு அறிஞரான இப்னு அல்-ஹைதம் காலத்திலேயே ஆராயப்பட்டதொன்று. அவ்வறை காலப்போக்கிற் சுருங்கிப் பெட்டியாகிப் பின்னர் கையில் ஏந்தும் கருவியுமாயிற்று. ஆயின் ஒளிப்படக்கலைக்கு இரண்டாவது இருட்டறையொன்றும் உண்டு. முதலாவது ஒளியைப் பிடிப்பதற்கானது. மற்றையது, பிடித்த ஒளியைப் பார்க்கத்தக்க படமாக ஆக்குவதற்கானது. முதலாவதன் வரலாறு கருவிகளின் வரலாறாகப் பலராலும் எழுதப்பட்டுள்ளது. இரண்டாவதோ சமையலறைக்கும் குளியலறைக்கும் அயலிலே, வீட்டின் புறக்கடையிலே அமைந்தமையாற் போலும், வரலாற்றாசிரியரின் கவனத்தைப் போதியளவு பெறவில்லை.

ஒளிப்படம் தோன்றிய நாளிலேயே இருட்டறையும் தோன்றிவிட்டது என்பதும், அன்றுதொட்டுப் படங்கள் யாவும் செந்நிற விளக்கொளியிலேயே அச்சிடப்பட்டு வந்தன என்பதும் பொதுவாக நிலவும் எண்ணங்கள். இவற்றுள் முன்னையது பாதியே உண்மை. பின்னையது உண்மைக்குப் புறம்பானது. ஒளிப்பட வரலாற்றின் முதல் அரை நூற்றாண்டிற் காகிதப் படங்களுள் மிகப் பெரும்பாலானவை இருட்டிலன்றி வெயிலிலேயே அச்சிடப்பட்டன. அச்சாக்கம் முற்றத்திலிருந்து இருட்டறைக்குள் புகுந்தமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த மாற்றமாகும். அதற்கு இரசாயனக் காரணம் உண்டு. அதனோடு பின்னிப் பிணைந்த சமூகக் காரணமும் உண்டு.

வில்லியம் ஹென்றி பொக்ஸ் டல்பொட் இங்கிலாந்தின் வில்ற்ஷயரிலுள்ள லக்கொக் அபே என்னும் மாளிகையின் உரிமையாளர். கணிதத்திலும் தாவரவியலிலும் பண்டை மொழிகளிலும் பயிற்சியுடைய நிலவுடைமையாளர். 1833ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையிலே காட்சிகளை வரைய முயன்று தோற்ற அவர், இயற்கை தானே தன்னைத் தீட்டிக்கொள்ள வழியுண்டா என எண்ணலானார். மறு ஆண்டு தமது இல்லத்திலேயே சோதனைகளைத் தொடங்கினார். எழுதுதாளை உப்புக் கரைசலில் தோய்த்துலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைப் பூசினால் தாளிலே வெள்ளிக் குளோரைட்டு உண்டாகும். அது வெயில் பட்ட இடங்களிற் கறுக்கும். 1835ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், தம் மாளிகையின் பின்னற் சட்டகச் சாளரமொன்றைத் தபால் முத்திரையளவான தாளிலே அவர் பதிவு செய்தார். இன்றுவரை எஞ்சியுள்ள மிகப் பழைய கமரா நெகற்றிவ் அதுவே. வீடெங்கும் அவர் வைத்துவிட்டிருந்த சிறு மரப்பெட்டிகளை அவருடைய மனைவி கொன்ஸ்ரன்ஸ் எலிப்பொறிகள் எனக் கேலி செய்தார். ஒளிப்படக்கலை பிறந்த இடம் ஆய்வுகூடமன்று, குடும்பம் வாழ்ந்த வீடு என்பதற்கு அக்கேலியே போதிய சான்று.

இந்நிலையில் டல்பொட்டுக்கு இருட்டறை ஒன்று தேவைப்படவில்லை. அவருடைய தாள் மிக மந்தமானது. மெழுகுதிரி வெளிச்சத்தில் அதனைத் தயாரிப்பதில் இடர் எதுவுமில்லை. அவரை வருத்திய சிக்கல் வேறு. கறுக்க வேண்டிய இடங்கள் கறுத்தபின், எஞ்சிய வெள்ளிக் குளோரைட்டும் பார்ப்போர் கண்முன்னே கறுத்துப் படத்தை விழுங்கிவிடும். வெட்ஜ்வூட்டும் டேவியும் 1802ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகள் இவ்விடத்திலேயே தடைப்பட்டு நின்றன. டல்பொட் செறிந்த உப்புக் கரைசலால் ஓரளவு நிலைபேற்றைக் கண்டார். நிறைவான விடையைத் தந்தவர் வானியலறிஞரான சேர் ஜோன் ஹேர்ஷல். இன்று சோடியந் தயோசல்பேற்று என வழங்கும் உப்பு வெள்ளிச் சேர்வைகளைக் கரைக்கும் என்பதை அவர் 1819ஆம் ஆண்டிலேயே அறிந்திருந்தார். 1839 ஜனவரியில் டகேரின் கண்டுபிடிப்புப் பற்றிய செய்தி எட்டியதும், இருபது ஆண்டுகளாகப் பயனின்றிக் கிடந்த அவ்வறிவைச் சில நாட்களுள்ளேயே படத்தை நிலைப்படுத்தப் பயன்படுத்தினார். ‘ஹைப்போ’ என்னும் பழம்பெயரால் ஒளிப்படக்காரர் இன்றும் வழங்குவது அவ்வுப்பையே. ‘நெகற்றிவ்’, ‘பொசிற்றிவ்’ என்னும் கலைச்சொற்களை வழக்கிற் கொண்டுவந்தவரும் ஹேர்ஷலே.

இருட்டறையின் உண்மையான பிறப்பு 1840ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நிகழ்ந்தது. கமராவிற் சிறிது நேரமே ஒளிபட்ட தாளொன்றில் எவ்வுருவும் தோன்றாதிருக்க, கலிக்கமிலமும் வெள்ளி நைத்திரேற்றும் கலந்த கரைசல் பட்டதும் மறைந்திருந்த உரு மெல்ல வெளிப்படுவதை டல்பொட் கண்டார். ஒளி செய்யவேண்டிய வேலையின் மிகப் பெரும் பகுதியை இரசாயனம் செய்ய முடியும் என்பதே இதன் பொருள். ஒளிபட்ட மணியொன்றிற் சில வெள்ளி அணுக்களே திரண்டிருக்கும். உருத்துலக்கும் கரைசல் அவற்றைப் பற்றிக்கொண்டு அம்மணி முழுவதையும் வெள்ளியாக மாற்றிவிடுகிறது. இதன் பௌதிக விளக்கம் கேர்ணி, மொற் என்னும் இருவரால் 1938ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. தொழில் நுட்பம் கொள்கை விளக்கத்துக்கு ஏறக்குறைய நூறாண்டு முந்திச் சென்றது என்பது விஞ்ஞான வரலாறு பயில்வோர் மனங்கொள்ளத்தக்கது. இத்துணைக் கூருணர்வு பெற்ற தாளை இனி மெழுகுதிரியருகே வைத்திருக்க இயலாது. ஆகவே ஒளியை விலக்கிய அறை இன்றியமையாததாயிற்று.

ஆயினும் அவ்வறை நெகற்றிவுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. நெகற்றிவின் கீழ்த் தாளை வைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைப்பதே அச்சாக்கம். டல்பொட்டின் ஏவலாளராயிருந்த நிக்கொலாஸ் ஹென்னமன் 1844ஆம் ஆண்டளவில் றெடிங் நகரில் நடத்திய அச்சகத்திலே இத்தகைய சட்டங்கள் வெளிமுற்றத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. ‘இயற்கையின் தூரிகை’ எனப் பொருள்படும் டல்பொட்டின் நூல், 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக, 24 ஒளிப்படங்களுடன் வெளிவந்தது. அதன் ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டப்பட்ட படங்கள் இங்கிலாந்தின் மந்தமான வெயிலுக்குக் காத்திருந்து பெற்றவையே. 1850ஆம் ஆண்டில் பிளாங்கார்-எவ்றார் என்னும் பிரெஞ்சுக்காரர் முட்டை வெண்கருப் பூச்சுடைய தாளை அறிமுகஞ் செய்தபின்னும் வெயிலின் ஆட்சி தொடர்ந்தது. விந்தை யாதெனில், இவரே 1851ஆம் ஆண்டில் லீல் நகருக்கு அணித்தாகத் தொடங்கிய அச்சகத்தில், பெரும்பாலும் பெண் தொழிலாளரைக் கொண்டு, படங்களை இரசாயன முறையில் துலக்கி அச்சிட்டார் என்பதாகும். விரைவான அம்முறை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. வெண்கருத் தாளோ நூற்றாண்டின் இறுதிவரை நிலைத்தது. ட்றெஸ்டன் நகரத் தொழிற்சாலையொன்று 1888ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 60,000 முட்டைகளை உடைத்தது என்பர்.

பிறெடறிக் ஸ்கொட் ஆச்சர் 1851ஆம் ஆண்டில் வெளியிட்ட கொலோடியன் முறை, இருட்டறையைப் படம் பிடிக்கும் இடத்தோடு கட்டிப்போட்டது. கண்ணாடித் தகட்டிலே கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் உலருமுன்னே படம் பிடித்துத் துலக்கிவிட வேண்டும். இவையாவும் சில நிமிட வேலைகள். எனவே 1855ஆம் ஆண்டில் கிறைமியப் போர்க்களம் சென்ற றொஜர் பென்ரன், மது வணிகர் ஒருவரிடம் வாங்கிய குதிரை வண்டியை இருட்டறையாக மாற்றிக்கொண்டு சென்றார். வீட்டில் இருந்தவர் வீட்டிலேயே ஓரறையைத் தேடினார். அவ்வாறு தேடியவருள் ஒருவர் இலங்கை வரலாற்றோடும் தொடர்புடையவர்.

1829ஆம் ஆண்டு முதல் இலங்கையில் விசாரணை நடத்தி 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவை மாணவர் நன்கறிவர். அவ்வாணைக்குழுவின் சாள்ஸ் ஹே கமரனுடைய மனைவியே ஜூலியா மார்கிறெற் கமரன். கல்கத்தாவில் 1815ஆம் ஆண்டு பிறந்த இவ்வம்மையாருக்கு, 1863ஆம் ஆண்டில், அவரது 48ஆவது வயதிலே, மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசாக அளித்தனர். வைற் தீவின் பிறெஷ்வோற்றர் என்னும் ஊரிலிருந்த தமது இல்லத்தில் நிலக்கரி வைக்கும் கொட்டிலை இருட்டறையாகவும், கோழிக் கூட்டைக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்பு மனையாகவும் அவர் மாற்றினார். ரெனிசன், டாவின், ஹேர்ஷல் முதலாய பெருமக்களின் தலைகள் இக்கோழிக் கூட்டுக் காலத்தின் விளைவுகளே.

அந்நிலக்கரிக் கொட்டிலில் நடந்த வேலையின் இயல்பை நோக்குதல் தகும். வெள்ளி நைத்திரேற்றுப் பட்ட தோல் கறுக்கும். துணியிற் பட்ட கறை போகாது. தம் வீட்டு மேசை விரிப்புகள் பல இதனாற் பாழானமையை அம்மையாரே எழுதியுள்ளார். கொலோடியனைக் கரைக்கும் ஈதரின் ஆவி மூச்சை முட்டும். கொலோடியன் தகட்டை நிலைப்படுத்தப் பலரும் கையாண்ட பொற்றாசியஞ் சயனைட்டோ கொடிய நஞ்சு. கழுவுவதற்குக் கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் சுமக்கவேண்டும். இச்சுமையின் பெரும்பகுதி வீட்டுப் பணிப்பெண்களையே சார்ந்திருக்கும் என்பதை விக்ரோறியக் குடும்ப அமைப்பை அறிந்தோர் உய்த்துணரலாம். அவர்களுள் ஒருவரான மேரி ஹிலியர் கமராவின் முன் கன்னி மரியாளாகவும் நின்றார். கலைஞரின் பெயர் தாளின் அடியில் எழுதப்பட்டது. நீர் சுமந்தவரின் பெயரைத் தேடித்தான் அறியவேண்டியிருக்கிறது.

1875ஆம் ஆண்டில் கமரன் குடும்பத்தினர் தம் கோப்பித் தோட்டங்கள் அமைந்த இலங்கைக்குப் பெயர்ந்தனர். பயணப் பொதிகளுடன் சவப்பெட்டிகளையும் எடுத்துவந்தனர் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. இங்கு அம்மையார் எடுத்த படங்களுள் எஞ்சியவை மிகச் சில. ஓவியர் மரியான் நோத் 1877ஆம் ஆண்டில் களுத்துறைக்கு வந்தபோது எடுத்தவையும், உள்ளூர் மக்களையும் தோட்டத்து மக்களையும் காட்டுவனவும் அவற்றுள் அடங்கும். ரெனிசனின் பெயரை எழுதிய அதே கை, இம்மக்களைப் பெயர் சுட்டாமலே விட்டது. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே அவர் காலமானார். போகவந்தலாவைத் தேவாலய வளவில் அவரது சமாதி உள்ளது.

கொலோடியனின் ஈர நிர்ப்பந்தத்தை முறித்தவர் றிச்சட் லீச் மடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். ஈதர் ஆவி தம் உடல்நலத்துக்கு ஒவ்வாமையால் மாற்றுப் பொருள் தேடிய அவர், செலற்றினில் வெள்ளிப் புரோமைட்டைக் கலந்து உலர் தகடு செய்யும் வழியை 1871ஆம் ஆண்டில் வெளியிட்டார். தகட்டைத் தொழிற்சாலையிற் செய்து கடையில் விற்பது இதனாற் சாத்தியமாயிற்று. அதே செலற்றின் பூச்சைத் தாளிலும் பூசலாம். புரோமைட்டுத் தாள் விளக்கொளியிற் சில விநாடிகளிலேயே அச்சாகும்; ஆனால் வெயிலிற் பட்டால் முற்றாகக் கெடும். அச்சாக்கம் இருட்டறைக்குள் நுழைந்தது இவ்வழியாகவே. லியோ பேக்லன்ட் என்னும் பெல்ஜிய இரசாயனவியலாளர் 1893ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் உருவாக்கிய ‘வெலொக்ஸ்’ தாள் இன்னும் வசதியானது. அதனை மங்கிய வாயு விளக்கில் எடுத்துக் கையாளலாம்; அதே விளக்கைத் தூண்டி அச்சிடலாம். பகலில் தொழில் புரிந்து இரவில் மட்டுமே ஓய்வு காணும் எழுத்தரும் ஆசிரியரும் ஒளிப்படம் அச்சிடக்கூடிய காலம் இவ்வாறே பிறந்தது. வெயிலிற் காத்திருக்கும் ஓய்வு நிலவுடைமையாளருக்கு உரியது. இரவு விளக்கு சம்பளக்காரருக்கு உரியது. பேக்லன்ட் 1899இல் தம் நிறுவனத்தை ஈஸ்ற்மனுக்கு விற்றார். பின்னாளில் இவரே கண்டுபிடித்த பேக்லைற்று, கமராக்களும் உருத்துலக்கற் கலங்களும் செய்வதற்கு உதவியதும் ஒரு சுவையான ஒற்றுமையே.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஓர் ஆற்றல் தொழிற்பட்டது. ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 1888ஆம் ஆண்டில் 25 டொலர் விலைக்கு விற்ற கொடக் கமராவில் 100 படங்களுக்கான சுருள் முன்னரே இடப்பட்டிருந்தது. படங்கள் முடிந்ததும் கமராவை அப்படியே றொச்செஸ்ரர் நகரத் தொழிற்சாலைக்கு அனுப்பி, 10 டொலர் செலுத்தினால், அச்சிட்ட படங்களும் புதிய சுருள் இட்ட கமராவும் திரும்பிவரும். 1900ஆம் ஆண்டில் ஒரு டொலர் விலையில் வெளிவந்த ‘பிறவுணி’ கமரா சிறுவர் கையிலும் ஒளிப்படத்தைக் கொடுத்தது. படம் பிடிக்கும் உரிமை இவ்வாறு பரவலாயிற்று என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் காண்பவரும் ஆக்குபவரும் வெவ்வேறு ஆட்களாகப் பிரிந்தமையும் இங்கேயே. கைவினைஞனின் பட்டறையை ஆலை விழுங்கிய கதை நெசவிலும் நிகழ்ந்தது. ஒளிப்படத்தில் அது ஒருபோதும் முற்றுப் பெறவில்லை என்பதே வேறுபாடு. தாளையும் இரசாயனத்தையும் விற்ற அதே ஆலைகள், வீட்டிலே அச்சிட விழைந்தவரையும் வாடிக்கையாளராகப் பேணின. ஆகவே வீட்டு இருட்டறை ஆலைக்கு எதிரானதாகவும் ஆலையைச் சார்ந்ததாகவும் ஒருங்கே இருந்தது. இம்முரண்பாட்டை மறந்து அதனைத் தூய கைவினையின் கோட்டையாகப் போற்றுவோரின் கூற்று வரலாற்றோடு பொருந்தாது.

இருபதாம் நூற்றாண்டின் வீட்டு இருட்டறைக்கு நிலையான வடிவத்தை அளித்தவை மின்விளக்கும் சிறு கமராவுமாகும். 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்காவின் நெகற்றிவ் 24 மில்லிமீற்றர் அகலமும் 36 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. தொடுகை முறையில் அச்சிட்டால் தீப்பெட்டியளவான படமே கிடைக்கும். எனவே உருப்பெருக்கி இன்றியமையாததாயிற்று. எட்டங்குல அகலமும் பன்னிரண்டங்குல நீளமும் கொண்ட தாளுக்குப் பெருக்கும்போது, பரப்பு ஏறக்குறைய 70 மடங்காகிறது. நெகற்றிவில் ஒட்டிய தூசொன்றும் கண்ணுக்குப் புலப்படும் வெண்புள்ளியாகிவிடும். இருட்டறையை அமைப்போர் ஒளியைத் தடுப்பதில் காட்டும் அக்கறையைத் தூசைத் தடுப்பதிலும் காட்டவேண்டியதாயிற்று இதனாலேயே.

குளியலறையோ களஞ்சிய அறையோ இதற்குப் போதுமானது. சாளரத்தைக் கரிய துணியாலோ மட்டையாலோ அடைத்து, கதவிடுக்கைக் கம்பளத்தால் மூடி, உள்ளே பத்து நிமிடம் இருந்தபின்னும் ஒளிக்கீற்று எதுவும் தெரியாவிடின் அறை தகுதியானது. அறையின் ஒரு பக்கம் உலர்ந்த வேலைக்கும் மறுபக்கம் ஈர வேலைக்கும் பிரிக்கப்படும். உலர்ந்த பக்கத்தில் உருப்பெருக்கி, தாள், நெகற்றிவ் என்பன. ஈரப் பக்கத்தில் மூன்று தட்டங்கள். முதலாவதில் மெற்றோலும் ஐதரோகுவினோனும் கலந்த உருத்துலக்கி, இரண்டாவதில் துலக்கலை நிறுத்தும் நீர்த்த அசற்றிக்கமிலம், மூன்றாவதில் ஹைப்போ. இப்பிரிவினையை மீறி ஹைப்போ பட்ட விரலால் தாளைத் தொட்டவரின் விரலடையாளம் படத்தின் ஒரு பகுதியாகவே நிலைத்துவிடும்.

செந்நிற விளக்கு ஏன் தீங்கு செய்வதில்லை என்பதற்கும் வரலாற்று விடை உண்டு. வெள்ளிப் புரோமைட்டு இயல்பாக நீல, ஊதாக் கதிர்களையே உணரும். 1873ஆம் ஆண்டில் ஹேர்மன் போகல் சில சாயங்களால் இவ்வுணர்வைப் பச்சைவரை நீட்டலாமெனக் கண்டார். 1906ஆம் ஆண்டில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. அதன்பின் நெகற்றிவை முழு இருளிலேயே துலக்கவேண்டியதாயிற்று. அச்சுத்தாளோ பழைய இயல்பிலேயே நின்றது. அதன் கண் இன்னும் 1870களின் கண்ணே. அச்சிடுபவர் செவ்வொளியிலே தம் கைகளைக் காணமுடிவது இதனாலேயே.

கைகளைக் காணமுடிவது சிறு செய்தியன்று. வீட்டு அச்சாக்கத்தின் உயிரே அதிற்றான் உள்ளது. முதலிலே தாளின் சிறு துண்டொன்றிற் படிப்படியாக ஐந்து, பத்து, பதினைந்து விநாடிகள் எனச் சோதித்து ஒளியின் அளவு துணியப்படும். உருவின் நீள அகலங்களை இருமடங்காக்கின், ஒளி நான்கு மடங்கு பரப்பிற் சிதறுவதால் நேரத்தை ஏறக்குறைய நான்கு மடங்காக்கவேண்டும். பின்னர் முழுத்தாளில் ஒளி விழும்போது, முகம் மிகக் கறுத்துவிடாதபடி கம்பியில் ஒட்டிய சிறு மட்டையால் அவ்விடத்தை மறைத்து அசைப்பர். வெளிறிய வானத்துக்கு மாத்திரம் உள்ளங்கையைக் குவித்த இடைவெளியால் மேலதிக ஒளி கொடுப்பர். அசைவு நின்றால் மறைப்பின் விளிம்பு படத்திற் கோடாக விழும். ஒரே நெகற்றிவிலிருந்து இருவர் அச்சிடும் படங்கள் ஒன்றாய் அமையாமைக்குக் காரணம் இதுவே. பிடித்த கணம் ஒன்று. அதன் பொருளைத் துணியும் கணங்கள் பல. தொழிற்சாலைக்கு அனுப்பியவர் கைவிட்டது இத்துணிபையே.

கழுவுதல் எல்லாவற்றிலும் சலிப்பூட்டுவது. எல்லாவற்றிலும் முதன்மையானதும் அதுவே. தாளின் இழைகளில் தங்கிய ஹைப்போ நாளடைவில் வெள்ளியைத் தாக்கிப் படத்தை மஞ்சளாக்கி மங்கச் செய்யும். படங்கள் மங்குவதை ஆராய 1855ஆம் ஆண்டிலேயே இலண்டன் ஒளிப்படச் சங்கம் ஒரு குழுவை நியமித்தது. போதாக் கழுவலைக் குற்றவாளியெனக் கண்டவர்களில் அக்குழுவினர் முன்னோடிகள்.

மேலைநாட்டுக் கைநூல்கள் விதித்த முறைகளை வெப்பவலயத்தில் அப்படியே பின்பற்ற இயலாது. அவை உருத்துலக்கியின் வெப்பநிலையை 68 பாகை பரனைற்று, அதாவது 20 பாகை சதமளவை, எனக் குறிக்கின்றன. கொழும்பின் சராசரி வெப்பநிலையோ ஏறக்குறைய 27 பாகை. அவ்வெப்பத்திற் செலற்றின் வீங்கி இளகும். சிறிது கூடினாற் சுருக்கம் விழுந்து கண்ணாடியிலிருந்து கழன்றுவிடும். எனவே தட்டத்தைப் பனிக்கட்டி இட்ட பெரிய பாத்திரத்தில் வைத்தல், பின்னிரவில் வேலை செய்தல், செலற்றினைக் குரோம் படிகாரத்தால் இறுகச் செய்தல், வீக்கத்தைத் தடுக்கச் சோடியஞ் சல்பேற்றைச் சேர்த்தல் முதலிய வழிகள் கையாளப்பட்டன. நீரும் இடத்துக்கிடம் வேறுபடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் படுகையிலூறும் கிணற்று நீரிற் கல்சியம் மிகுதி. அந்நீரில் உருத்துலக்கியைக் கரைத்தால் வெண்மண்டி படியும். உலர்ந்த நெகற்றிவிலே சுண்ணப் புள்ளிகள் எஞ்சும். மழைநீரையோ வடித்த நீரையோ நாடுவதே இதற்கு வழி.

இலங்கையில் வீட்டு இருட்டறையைக் கலையின் களமாக்கியவருள் தலையாயவர் லயனல் வென்ட். 1900ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த இவர், இங்கிலாந்திற் சட்டமும் பியானோவும் பயின்று 1924இல் நாடு திரும்பினார். ஒளிப்படத்தில் ஆழ்ந்து ஈடுபட்டது 1930களின் தொடக்கத்திலேயே. கவிஞர் பப்லோ நெருடா கொழும்பில் சிலி நாட்டுக் கொன்சலாயிருந்த காலத்தை நினைவுகூரும்போது, இந்நகரின் கலை வாழ்வின் நடுநாயகமாக வென்டையே குறிப்பிட்டார். பசில் றைற் 1934இல் ஆக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ படத்தில் ஒலிக்கும் குரலும் இவருடையதே. கில்போட் கிறெசென்ற் இல்லத்தில் 1943 ஓகஸ்ற் மாதம் ‘43 குழு’ உருவானபோது, ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலிய ஓவியரை ஒன்றுகூட்டியவர் அவரே.

வென்டின் படைப்புகளில் ஒரு பகுதியை இருட்டறையின்றிக் கருதவே இயலாது. கமராவே இன்றிப் பொருள்களைத் தாள்மேல் வைத்து ஒளியூட்டிப் பெற்ற நிழலுருக்கள், பல நெகற்றிவுகளைப் பொருத்திய கூட்டுப் படங்கள், துலக்கலின் நடுவே மீண்டும் ஒளி காட்டி உருவின் விளிம்புகளைப் புரட்டும் முறை என்பன அவற்றுட் சில. கடைசியாகக் கூறிய விளைவைப் பிரெஞ்சு மருத்துவர் சபத்தியே 1860களில் விவரித்தார். 1929ஆம் ஆண்டளவில் பாரிசில் மான் றேயும் லீ மில்லரும் அதனைக் கலை முறையாக்கினர். சில ஆண்டுகளுள் அது கொழும்பை எட்டியது. கிராமத்தவரையும் உழைப்பாளரையும் படம்பிடித்த வென்டின் நோக்கில், அவர்களது வறுமையினும் உடலழகே முந்தி நிற்கிறது என்னும் குறை கூறப்படுவதுண்டு. அக்குறை முற்றிலும் நியாயமற்றதன்று. ஆயினும் சுற்றுலா அட்டைகளுக்காகக் குடியேற்றக் கால வணிகக்கூடங்கள் எடுத்த ‘மாதிரி மனிதர்’ படங்களுடன் ஒப்பிட்டால், தோலின் மீது விழும் ஒளியை ஒவ்வொரு தாளிலும் கையால் அளந்து கொடுத்த கவனம் வேறு வகையான மதிப்பைப் புலப்படுத்துகிறது. கமரன் அம்மையாரின் படங்களைப் போலவே இங்கும் பெரும்பாலானோர் பெயரற்றோரே என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

போருக்குப் பிந்திய மாற்றங்கள் விரைந்து நிகழ்ந்தன. ஒரே தாளில் விளக்கின் நிற வடிகளை மாற்றிப் பல தர வேறுபாடுகளைப் பெறும் ‘மல்ரிகிறேட்’ தாளை இல்பேட் நிறுவனம் 1940இலேயே வெளியிட்டிருந்தது. 1970களில் பிளாஸ்ரிக் பூசிய தாள் பரவி, ஒரு மணிநேரக் கழுவலைச் சில நிமிடங்களாகக் குறைத்தது. வண்ணப்படம் மீண்டும் ஆலைகளையே நாடச் செய்தது. இலக்கமுறைக் கமரா வந்தபின் ஆலைகளும் தளர்ந்தன. 2004இல் இல்பேட் நிறுவனம் பொறுப்பாளர் கைக்குச் சென்று மறு ஆண்டு புதிய உரிமையாளரால் மீட்கப்பட்டது. 2005இல் கொடக் கறுப்பு வெள்ளைத் தாள் உற்பத்தியைக் கைவிட்டது. அக்பா ஒளிப்பட நிறுவனம் முறிவடைந்தது.

லயனல் வென்ட் 1944 டிசம்பரிற் காலமானார். அவருடைய இல்லம் இருந்த நிலத்தில் இன்று அவர் பெயர் தாங்கிய கலையரங்கு நிற்கிறது. அவருடைய படங்களின் தொகுப்பு 1950இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. ஆனால் அவருடைய நெகற்றிவுகள் அவரது மறைவின் பின் அழிக்கப்பட்டன. புதிதாக ஒரு படத்தையேனும் அவற்றிலிருந்து இனி அச்சிட இயலாது. 2017இல் ஜேர்மனியின் கசெல், கிரேக்கத்தின் ஏதென்ஸ் ஆகிய நகரங்களில் நடைபெற்ற ‘டொக்குமென்ரா’ கண்காட்சியில் வென்டின் பெயரால் தொங்கியவை, கொழும்பிலே அவர் தம் கையால் துலக்கிக் கழுவி உலர்த்திய தாள்களின் வழி நமக்கு எட்டிய உருவங்களே.